தன் கதை, தன் பேச்சு

புதுச்சேரியில் பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வந்தது, சரக்கு விலை போனது, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரை பேசியது, துரையின் மனைவி மீது தனக்கிருந்த ஆத்திரம் என்று எல்லாமே அதில் வரும். நடை அப்படியே அன்றைய பேச்சு. ஊர் படிக்கட்டும் என்று எழுதியதல்ல அது. அவர் இறந்த 1761 வரை நீண்ட அந்தக் குறிப்புகள் 1846-ல்தான் வெளியார் கண்ணில் பட்டன.

ஊர் படிப்பதற்காகத் தன் வாழ்க்கையை எழுதுவது வேறு காரியம். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. வறுமையையும் கடனையும் அவர் ஒளிக்கவில்லை. ஆனாலும் தன்னைவிடத் தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத்தான் அதில் உயர்த்திப் பிடித்தார். அந்த அடக்கத்துக்கு ஓர் அழகு உண்டு. அதே சமயம், பெரிய காரியம் செய்தவர்கள்தான் சுயசரிதை எழுதலாம், அதையும் திருத்தமான தமிழில்தான் எழுத வேண்டும் என்பது எழுதாத சட்டமாகவே நெடுங்காலம் இருந்தது.

1992-ல் பாமாவின் ‘கருக்கு’ அந்தச் சட்டத்தை உடைத்தது.

விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1958-ல் பிறந்தவர் பாமா. ஆசிரியராக வேலை பார்த்தவர், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கேயும் சாதி இருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து வெளியே வந்தபோது கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை. எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வந்தது தெருவில் பேசி வளர்ந்த தமிழ்தான்.

‘கருக்கு’வில் ஓர் இடம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வரும் வழியில், தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தொட்டால் அதை மேல்சாதி நாயக்கர் தின்ன மாட்டார் என்று விளக்குகிறார். சிறுமியின் சிரிப்பு கோபமாக மாறுகிறது. இதைச் செந்தமிழில் எழுதியிருந்தால் ஒரு சமூகக் குறிப்பாகக் கடந்து போயிருப்போம். புதுப்பட்டிப் பேச்சில் வருவதால்தான் அந்தச் சிறுமியின் கோபம் நம்மையும் சுடுகிறது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. தெரு விஷயங்களை அம்பலப்படுத்திவிட்டாள் என்று சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் கால்வைக்க முடியவில்லை. கொச்சைத் தமிழ் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் அதே நூலுக்கு லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு கிராஸ்வேர்ட் விருது கிடைத்தது.

‘கருக்கு’ திறந்த வழியில் பலர் வந்தார்கள். நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005-ல் வெளியானது. லிவிங் ஸ்மைல் வித்யா திருநங்கையாகத் தான் வாழ்ந்த கதையை 2007-ல் எழுதினார். கன்னடத்தில் அது படமாகி, நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அ. ரேவதி, மற்றத் திருநங்கைகளின் கதைகளைத்தான் முதலில் கேட்டுத் தொகுத்தார். அதற்குப் பிறகே தன் கதைக்கு வந்தார். அது தமிழில் ‘வெள்ளை மொழி’ என்ற நூலானது. பின்னர் அ. மங்கையின் இயக்கத்தில் அதைத் தனிநபர் நாடகமாக்கி, ரேவதியே மேடையேறி நடித்தார்.