இராமானுஜன் தவறவிட்ட எண்

அட்டாளைச்சேனையில் வயற்காணி உடைய ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரே மகனையும் விட்டு மௌத்தாகிவிட்டால், பராயிள் எனும் இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டுக் கணக்குப் பார்க்கும் மௌலவி தாளில் முதலில் எழுதும் எண் 24 ஆகும். மனைவிக்கு எட்டிலொன்றாகிய 3 பங்கு, தாய்க்கு ஆறிலொன்றாகிய 4 பங்கு, எஞ்சிய 17 மகனுக்கு. எட்டாலும் ஆறாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 24; அதற்குள்ள காரணிகள் 8; அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை.

பங்கீட்டின் தேவையே இத்தகைய எண்களின்மீது மனிதரின் நாட்டத்தை ஈர்த்தது என்பது என் துணிபு. கிரேக்க ஞானி பிளேட்டோ, தாம் கற்பனை செய்த நகரத்துக்கு 5040 குடும்ப நிலங்களை விதித்தமைக்கும், அவ்வெண் 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபட்டு 60 காரணிகள் கொண்டிருப்பதே காரணம்.

ஆயினும், தன்னிற் சிறிய எல்லா எண்களையும் காரணித் தொகையில் விஞ்சும் எண்களைத் தனி வர்க்கமாகப் பிரித்து, அவற்றின் இலட்சணங்களை முறைப்படி ஆராய்ந்து, 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் விரிவான கட்டுரையாகத் தந்தவர், ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்து, 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற சீனிவாச இராமானுஜனே ஆவார். இவ்வெண்களை முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதினால், முதன்மை எண் பெருகப் பெருக அதன் சுட்டி ஒருபோதும் அதிகரியாது என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர ஏனையவற்றில் இறுதிச் சுட்டி 1 ஆகவே இருக்கும் என்றும் அவர் நிறுவினார். இவ்வாய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டமளித்தது.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் அவர் அமைத்த அட்டவணை 6746328388800 வரை செல்கிறது. அதன் காரணிகள் 10080. அதைப் பிரித்தால் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5உம் 7உம் இருதடவையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவையும் வரும். அவ்வட்டவணையில் விடுபட்ட எண் ஒன்றேயொன்று: 293318625600. வியப்பென்னவெனில், கடைசி எண்ணிலிருந்து 23ஐ நீக்கினால் கிடைப்பதே இவ்விடுபட்ட எண். அதன் காரணிகளோ பிளேட்டோவின் அதே 5040. ஒரு விடுபாடு அந்த மகத்தான உழைப்பின் மதிப்பை அணுவளவும் குறைக்காது.

யுத்தகாலத்தில் கழகத்துக்கு நேர்ந்த பணமுடையால் கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. 1988இல் அது வெளிவந்தது. 1997இல் கணிதவியலாளர்களான நிக்கோலாவும் ரொபினும் குறிப்புரையுடன் பதிப்பித்தனர். காரணிகளின் எண்ணிக்கையிலிருந்து அவற்றின் கூட்டுத்தொகைக்கு நகர்ந்த அப்பகுதியின் முக்கியத்துவம் அதற்கு முன்னரே வேறு வழியில் புலப்பட்டிருந்தது. 5040ஐ விடப் பெரிய ஒவ்வோர் எண்ணின் காரணிக் கூட்டுத்தொகையும் ஒரு குறித்த வரம்புக்குள் அடங்குமாயின் கணிதத்தின் பெரும் புதிரான ரீமான் கருதுகோள் மெய்; ஒன்றேனும் மீறுமாயின் அது பொய் என 1984இல் ரொபின் நிறுவியிருந்தார். வரம்பை மீறும் எண் எதுவும் இதுவரை அகப்படவில்லை. கருதுகோளும் இன்னும் நிறுவப்படவில்லை.