கெம்பெலனின் இரு பொறிகள்: சதுரங்கப் பதுமையும் பேசும் கருவியும்

முன்னுரை

தாமாக இயங்குவன போலத் தோன்றும் பதுமைகளைச் செய்து, அவற்றை அரசவைகளிலும் காட்சிக்கூடங்களிலும் காட்டுவது பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெருவழக்காக இருந்தது. பிரான்சில் ழாக் தெ வோக்கான்சோன் 1738, 1739 ஆகிய ஆண்டுகளில் காட்டிய குழலூதும் பதுமையும், தானியம் கொத்தித் தின்று எச்சமிடும் வாத்தும் இவற்றுள் பெயர் பெற்றவை. வாத்து உண்ட தானியம் செரிக்கவில்லை. எச்சம் முன்கூட்டியே வேறோர் அறையில் வைக்கப்பட்டிருந்தது. குழலூதும் பதுமையோ மூச்சுக்காற்று, உதட்டின் குவிவு, விரலின் அசைவு ஆகியவற்றைக் கொண்டு உண்மையாகவே குழலை ஊதியது. ஏமாற்றும் ஆய்வும் ஒரே பட்டறையில் அருகருகே இருந்தன.

இந்நிலையை இன்னும் கூர்மையாகக் காட்டுபவர் வொல்ஃப்காங் வான் கெம்பெலன் (1734–1804). இன்று பிராத்திஸ்லாவா எனப்படும் பிரெஸ்பர்க்கில் பிறந்த இவர் ஆஸ்திரியப் பேரரசின் அலுவலர். பொறி செய்தல் அவருக்கு ஓய்வுநேர வேலையே. அவர் செய்த சதுரங்கப் பதுமை பொறிகளின் வரலாற்றிலும், பேசும் கருவி ஒலியியலின் வரலாற்றிலும் இடம்பெறுகின்றன. பெரும்பாலும் இவை தனித்தனியாகவே பேசப்படுகின்றன. இரண்டும் தொடங்கிய காலம் ஒன்று. ஒரே பயணத்தில் இரண்டும் காட்டப்பெற்றன. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, ஒரு புத்தாக்கத்தின் பயனை அது காட்டிய வித்தையைக் கொண்டு அளப்பது எவ்வளவு பிழையானது என்பது புலப்படும்.

சதுரங்கப் பதுமை

1769-இல் வியன்னா அரசவையில் பெல்லெத்தியே என்னும் பிரெஞ்சுக்காரர் காந்த வித்தை காட்டினார். அதனினும் வியப்பான ஒன்றைத் தாம் செய்து காட்டுவதாக மரியா தெரசாவிடம் கெம்பெலன் உறுதி கூறினார்; 1770-இல் பதுமையோடு திரும்பினார். ஏறத்தாழ 110 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 75 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு பெட்டி. அதன் பின்னே துருக்கிய உடையும் தலைப்பாகையும் அணிந்த, ஆளளவிலான உருவம். 'துருக்கியன்' என்றே அது அழைக்கப்பெற்றது. ஆட்டத்திற்கு முன் பெட்டியின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். மெழுகுவத்தியைப் பின்புறம் பிடித்து உள்ளே எவரும் இல்லை எனக் காட்டுவர். பின்னர்ச் சாவி கொடுக்கப்படும். பற்சக்கரங்கள் ஒலிக்க, பதுமை இடக்கையால் காயை எடுத்து வைக்கும்.

உள்ளே ஓர் ஆள் இருந்தார். கதவுகள் திறக்கும் வரிசைக்கேற்ப, நழுவும் இருக்கை ஒன்றில் அமர்ந்து அவர் பக்கம் மாறுவார். காய்களின் அடியில் காந்தம் பொதிந்திருந்தது. பலகையின் அடியில் ஒவ்வொரு கட்டத்திற்கும் நேரே தொங்கிய சிறு உலோகத் துண்டுகள், எக்காய் எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்பதை அவருக்குக் காட்டின. தம் முன்னிருந்த சிறு பலகையில் அவர் நெம்புகோலை நகர்த்த, மேலே பதுமையின் கை அதே கட்டத்திற்குச் சென்றது. உள்ளே எரிந்த மெழுகுவத்தியின் புகை தலைப்பாகை வழியே வெளியேறியது. அம்மணம் தனித்துத் தெரியாதிருக்க வெளியேயும் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. பொறியின் உண்மையான திறம் சதுரங்கத்தில் இல்லை, ஒளித்தலில் இருந்தது. இதனைக் கெம்பெலனே பெருமையாகக் கொள்ளவில்லை. அதனை ஓர் அற்ப விளையாட்டாகவே அவர் கருதினார் என்பதை அவருடைய நண்பர் வின்டிஷ் 1783-இல் வெளியிட்ட மடல்கள் காட்டுகின்றன.

எனினும் அப்பதுமையே அவரைத் தொடர்ந்தது. இரண்டாம் ஜோசப்பின் விருப்பப்படி 1783–84-இல் பாரிஸ், லண்டன், ஜெர்மானிய நகரங்கள் எனப் பயணம் செய்ய நேர்ந்தது. பாரிசில் பெஞ்சமின் பிராங்ளின் அதனோடு ஆடித் தோற்றார். அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான பிலிதோர் வென்றார். கெம்பெலன் மறைந்தபின் யோஹான் மேல்ட்சல் அதனை விலைக்கு வாங்கினார். (தாளமானி என்னும் இசைக்கருவிக்கு உரிமம் பெற்றவரும் இவரே, அதன் அடிப்படை அமைப்பு ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த விங்கெலுடையது. பிறர் ஆக்கத்தைத் தம் பெயரில் காட்டுவது இவருக்குப் புதிதன்று.) 1809-இல் நெப்போலியனும், 1820-இல் சார்லஸ் பாபேஜும் அதனோடு ஆடினர். கணிப்பொறியின் முன்னோடியாகப் போற்றப்படும் பாபேஜ் இப்போலிப் பொறியிடம் தோற்றார்.

பேசும் கருவி

பேசும் கருவிக்கான முயற்சியையும் கெம்பெலன் 1769-ஐ ஒட்டியே தொடங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1791-இல், மனிதப் பேச்சின் இயங்கமைப்பையும் பேசும் கருவியின் விளக்கத்தையும் கூறும் நூலை வியன்னாவில் வெளியிட்டார். நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் ஐந்து பகுதிகளை உடையது. மொழி பற்றிய பொதுச் செய்திகள், அதன் தோற்றம், பேச்சுறுப்புகள், ஐரோப்பிய மொழிகளின் ஒலிகள் ஆகியவற்றை முதல் நான்கு பகுதிகள் பேசுகின்றன. ஐந்தாம் பகுதியில்தான் கருவி வருகிறது. கருவியை விளக்கும் நூல் என்று எண்ணித் திறப்பவர், ஒலியியல் நூல் ஒன்றையே படிக்க நேர்கிறது.

அந்நூலின் சிறப்பு, வெற்றி பெற்ற கருவியோடு தவறிய கருவிகளையும் கூறுவதில் உள்ளது. முதல் அமைப்பு மிக எளியது: அடுக்களைத் துருத்தி, பைக்குழலின் நாக்கு, கிளாரினெட் இசைக்கருவியின் விரிந்த வாய். அவ்வாயைக் கையால் மூடியும் திறந்தும் பார்த்தபோது உயிரொலிகளின் சாயல் கிடைத்தது. இதனால் ஊக்கம் பெற்றவர், இரண்டாவதாக ஆர்கன் இசைக்கருவியை ஒத்த ஒன்றைக் கட்டினார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டை, ஒரு நாக்கு, ஒரு குழல். எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தால் சொல் தோன்றும் என்பது எதிர்பார்ப்பு. அ, ஒ, உ, ப, ம, ல ஆகியவற்றை ஒத்த ஒலிகள் தனித்தனியே அமைந்தன. ஆனால் சொல் அமையவில்லை. ஒலிகளுக்கிடையே வெட்டு விழுந்தது; ஒவ்வோர் உயிரும் புதிதாக வெடித்துத் தொடங்கியது; பகரம் தேவையற்ற மூச்சோடு வெளிப்பட்டது.

கெம்பெலனின் இருபதாண்டு உழைப்பில் முதன்மையான கண்டுபிடிப்பு இத்தோல்வியே எனலாம். பேச்சு என்பது எழுத்துகளின் கோவை அன்று. ஒரே குரல்வளையிலிருந்து எழும் ஓசை, ஒரே வாயில் இடைவிடாது உருமாறிச் செல்வது. ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்குச் செல்லும் வழியும் பேச்சின் பகுதியே. இம்முடிவுக்கு வந்த அவர், ஆர்கன் அமைப்பைக் கைவிட்டு, ஒரே நாக்கும் ஒரே வாயும் கொண்ட மூன்றாம் கருவியை உருவாக்கினார்.

அதன் அமைப்பு வருமாறு. வலது முழங்கையால் அழுத்தப்படும் துருத்தி நுரையீரல் ஆகிறது. தந்தத்தாலான மெல்லிய நாக்கு குரல்வளை மடல்களின் வேலையைச் செய்கிறது. ரப்பராலான புனல் வாயாகிறது. அதனை இடக்கை மூடித் திறந்து வடிவம் கொடுக்கிறது. மூக்கிற்கு ஈடாக இரு சிறு துளைகள்: வாய் மூடியிருக்க இரண்டும் திறந்தால் மகரம், ஒன்று மட்டும் திறந்தால் னகரம். உரசொலிகளான ஸகரத்திற்கும் ஷகரத்திற்கும் தனித்தனி ஊதல்கள். ரகரத்திற்கு, நாக்கின்மேல் விழுந்து அதிரும் கம்பி ஒன்று. வாயினுள் புரளும் நாக்கும் பற்களும் இல்லை. எனவே இகரம் கடினமாயிற்று. தகர, ககர ஒலிகளுக்கும் பகரத்தையே சற்று மாற்றி ஒலிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரப் பயிற்சியில் எவரும் இதனை இயக்கலாம் என்றும், இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் எளிது என்றும், மெய்கள் நெருங்கி வரும் ஜெர்மன் கடினம் என்றும் அவர் எழுதுகிறார்.

குறைகள் கேட்போருக்குப் பெரிதாகத் தோன்றாமைக்கு அவர் கூறும் காரணம் கருதத்தக்கது. கருவியின் குரல் சிறு குழந்தையின் குரலை ஒத்திருந்தது. குழந்தை ககரத்தைத் தகரமாக ஒலித்தாலும் நாம் பொருள் கொள்வதுபோல, கருவியின் பிழையையும் கேட்போர் தாமே திருத்திக் கேட்டனர். சதுரங்கப் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்தார். பேசும் கருவியிலோ ஆளின் பங்கு வெளிப்படையாகத் துருத்தியிலும் கையிலும் இருந்தது. மறைவாக இருந்தது கேட்போரின் செவியில் நிகழ்ந்த நிரப்புதல் மட்டுமே. அதனையும் கெம்பெலன் எழுத்தில் வைத்துவிட்டார். இரு பொறிகளுக்குமுள்ள வேறுபாட்டை இவ்விடத்தில்தான் காண வேண்டும். உண்மை, போலி எனப் பிரிப்பது எளிது. ஆனால் பேசும் கருவியிலும் ஓரளவு மயக்கம் இருந்தது.

உயிரொலிகளின் அளவீடு: பிறப்பியலோடு ஓர் ஒப்பு

நூலின் நான்காம் பகுதியில் உயிரொலிகளைக் கெம்பெலன் இரண்டு அளவுகளால் வரையறுக்கிறார்: உதட்டின் திறப்பு, நாவுக்கும் அண்ணத்துக்கும் இடைப்பட்ட வழியின் அகலம். ஒவ்வொன்றும் ஐந்து படிகள் கொண்டது. உதட்டுத் திறப்பில் உகரம் 1, ஒகரம் 2, இகரம் 3, எகரம் 4, அகரம் 5. நாவழியில் இகரம் 1, எகரம் 2, அகரம் 3, ஒகரம் 4, உகரம் 5.

தமிழ் ஆய்வாளருக்கு இவ்விடத்தில் தொல்காப்பியப் பிறப்பியல் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கு அ, ஆ இரண்டும் வாயைத் திறத்தலால் பிறக்கின்றன. இ, ஈ, எ, ஏ, ஐ ஆகியவற்றுக்கு அங்காப்புடன் நாவிளிம்பு அண்பல் முதலைப் பொருந்துதலும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றுக்கு இதழ் குவிதலும் கூறப்படுகின்றன. வாய்த்திறப்பு, நாவின் நிலை, இதழின் நிலை என்னும் கூறுகளைக் கொண்டே இரு நூல்களும் உயிர்களை வகுக்கின்றன. இவற்றுக்கிடையே வரலாற்றுத் தொடர்பு எதனையும் இக்கட்டுரை கோரவில்லை. ஒத்த பொருளை ஆராய்ந்தோர் ஒத்த முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. 'நம்மவர் முன்பே கூறினர்' என்று முடித்துக்கொள்வது இரு நூல்களுக்கும் நீதி செய்வதாகாது. வேறுபாடே பயன் மிக்கது. தொல்காப்பியம் உறுப்புகளின் வினையைக் கூறுகிறது. கெம்பெலன் வினையின் அளவைக் கூறுகிறார். கருவி செய்ய முனைந்தவருக்கு 'இதழ் குவியும்' என்பது போதாது, எவ்வளவு குவியும் என்பது தேவைப்பட்டது.

மற்றொரு கூறும் உண்டு. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய சார்பெழுத்துகள், சார்ந்து வந்தாலன்றித் தமக்கென இயல்பு இல்லாதவை எனப் பிறப்பியல் கூறுகிறது. அண்டை ஒலியால் உருப்பெறும் ஒலி உண்டு என்பதை இலக்கணம் இங்கு ஏற்கிறது. ஆர்கன் கருவி சிதைந்தபோது கெம்பெலன் உணர்ந்தது இதன் விரிவான வடிவம்: சார்ந்து வருதல் சில ஒலிகளுக்கு மட்டுமன்று, பேச்சில் வரும் எல்லா ஒலிகளுக்கும் உரியது.

பிற்காலத் தடங்கள்

போலிப் பொறிக்கும் ஒரு வழித்தோன்றல் உண்டு. 1784-இல் எட்மண்ட் கார்ட்ரைட் என்னும் ஆங்கிலப் பாதிரியார், நெசவுக்குப் பொறி செய்ய முடியாது என்று வாதிட்ட மான்செஸ்டர்க்காரர்களிடம், லண்டனில் அண்மையில் காட்டப்பட்ட சதுரங்கப் பதுமையைச் சான்றாகக் காட்டினார். சதுரங்கம் ஆடும் பொறி செய்ய முடியுமாயின் நெய்யும் பொறி செய்வது அரிதாகாது என்பது அவர் வாதம். மறு ஆண்டே விசைத்தறிக்கு உரிமம் பெற்றார். விசைத்தறித் துணி பிற்காலத்தில் நம் நாட்டுக் கைத்தறியாளர்க்கு என்ன செய்தது என்பதைத் தமிழக நெசவு வரலாற்றைப் பயின்றோர் அறிவர். அத்தறிக்கு உந்துதல் தந்த சான்றுகளுள் ஒன்று பொய்ச்சான்று.

பதுமையின் மறைபொருள் வெகுகாலம் நிலைக்கவில்லை. 1827-இல் பால்டிமோரில், ஆட்டம் முடிந்தபின் பெட்டியிலிருந்து ஆள் வெளிவருவதைச் சிறுவர் இருவர் கண்டனர். செய்தி இதழில் வந்தது. எட்கர் ஆலன் போ 1836-இல் அதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1854 சூலை 5-இல் பிலடெல்பியாவில் ஏற்பட்ட தீயில் பதுமை எரிந்தது. ஆயினும் பெயர் எரியவில்லை: மனிதர் இணையவழி செய்யும் சிறு பணிகளைக் கணிப்பொறியின் வேலை போல வழங்கும் தன் சேவைக்கு அமேசான் நிறுவனம் 2005-இல் அப்பெயரையே இட்டது.

பேசும் கருவியின் பயணம் நூலின் வழியே நிகழ்ந்தது. எவரும் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கங்களும் படங்களும் அதில் இருந்தன. அதனைக் கொண்டு சார்லஸ் வீட்ஸ்டன் கருவியைத் திருத்தமுற மீண்டும் செய்து, 1835-இல் டப்ளினில் அறிஞர் அவையில் காட்டினார். 1863-இல் அதனைத் தந்தையோடு சென்று கண்ட இளைஞர் ஒருவர், கெம்பெலனின் நூலைப் பெற்றுப் படித்தார். அவர்தாம் பின்னாளில் தொலைபேசிக்கு உரிமம் பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல். தமையனோடு சேர்ந்து அவர் எடின்பரோவில் பேசும் தலை ஒன்றைச் செய்தார். கெம்பெலனின் கருவியில் இல்லாத நாக்கும் மென்னண்ணமும் அதில் இருந்தன. ஒருவர் ஊத, மற்றவர் உதட்டை இயக்க, அது 'மாமா' என்று அழைத்தது. மாடிப்படியில் அதனை வைத்து ஓயாது ஒலிக்கச் செய்தபோது, ஏதோ குழந்தை தாயைக் கூவி அழுகிறது என்றெண்ணி மேல்வீட்டிலிருந்து ஒருவர் இறங்கி வந்ததாகப் பெல் முதுமையில் எழுதியிருக்கிறார்.