கல்லெழுத்தும் திருப்பணியும்

சோணாட்டுத் தில்லையும், நடுநாட்டுத் திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் இக்காலத்தில் கடலூர் மாவட்டம் என்னும் ஓரெல்லைக்குள் அடங்கியவை. நாவுக்கரசர் பெருமானைச் சூலைநோய் தீர்த்து ஆட்கொண்ட வீரட்டானம் ஈண்டுள்ளது. அவர் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறிய பதியும் ஈண்டே உள்ளது. இத்தலங்கள் இயற்கையால் உற்ற இடர் சில. மாந்தர் செய்த இடரே எண்ணத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தம்முட் பொருத காலத்தே திருக்கோயில்கள் கோட்டைகளாயின. ஆங்கிலேயர் 1690இல் பெற்ற தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் கைப்பற்றி இடித்தான். கோட்டை இடிபடுதல் போரின் இயல்பு. வழிபாட்டிடத்தே பீரங்கி ஏறியதுதான் கொடுமை. திருவதிகைக் கோயிலை 1750இல் பிரெஞ்சுப் படை கைக்கொண்டது. 1781இல் ஐதர் அலியின் படை தில்லைக் கோயிலைக் காவலிடமாகக் கொண்டிருந்தது. அவ்வாண்டு சூன் திங்களில் அதனைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் வெல்லமாட்டாது பின்வாங்கினான். இறைவன் உறைவிடத்துக்கு அரணாக எழுந்த மதில், தன் உயரத்தாலேயே படைஞரை அழைத்துக்கொண்டது.

அத்துணைப் போர்க்கும் தப்பி நின்றவை கல்லெழுத்துக்கள். முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகிய இருவர்க்கும் படைத்தலைவனாய் விளங்கியவன் மணவிற் கூத்தன்; நரலோகவீரன் என்பதும் அவன் பெயர். தில்லையிலும் அதிகையிலும் அவன் ஆற்றிய திருப்பணிகள் வெண்பாக்களாகக் கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளன. அதிகையில் வாகீசர்க்குக் கோயில் எடுத்ததும், மூவர் தமிழைச் செப்பேட்டில் எழுதுவித்ததும் அவற்றால் விளங்கும். செல்லரித்த ஏடுகளைத் தில்லையிற் கண்டு திருமுறையை மீட்ட வரலாற்றை ஓதியறிந்த அன்பர்கள், ஓலைக்கு நேர்ந்தது மீண்டும் நேராவண்ணம் செம்பை நாடிய அவனது முன்னறிவை எளிதில் உணர்வர். ஆயினும் அச்செப்பேடுகள் இன்று கிடைத்தில. அவை இருந்தன என்று சான்று பகர்வது கல் ஒன்றே.

அக்கல்லுக்கு இப்போது வரும் ஊறு பகைவரால் வருவதன்று; அன்பின் மிகுதியால் வருவது. குடமுழுக்கு நெருங்கியதும் எண்ணெய்ப் பிசுக்கையும் பழஞ்சுண்ணாம்பையும் விரைந்து போக்கவேண்டி, காற்றின் விசையால் மணலைச் சுவரிற் பாய்ச்சும் மணல் வீச்சு முறை தமிழகக் கோயில்கள் பலவற்றிற் புகுந்தது. மணலுக்கு அழுக்கு இது, எழுத்து இது என்னும் பகுப்பறிவு உண்டோ? கல்லின் மேற்றோலையே அது உரித்துவிடும். சுவர் பளபளக்கும், ஆயிரம் ஆண்டுச் செய்தி மணலோடு மணலாய்க் கூட்டித் தள்ளப்படும். அரசு இம்முறையைத் தடைசெய்த பின்னரும் முறையீடுகள் ஓய்ந்தில. கல்வெட்டுள்ள தூண்மேல் வண்ணம் பூசுவதும், எழுத்துள்ள அடித்தளத்தைப் புதுத் தளவரிசையால் மூடுவதும் இவ்வகையினவே. பொருள் வழங்கிய புரவலரின் பெயரைப் புதுப் பளிங்கிற் பொறிக்கும் ஆர்வத்தில் ஒரு கூறு, பழைய புரவலரின் பெயர்மேலும் செல்லலாகாதா? 2021 சூன் 7ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காத்தற்பொருட்டு 75 கட்டளைகள் பிறப்பித்ததும், இவற்றுக்கெனத் தனி ஆணையம் வேண்டுமென்றதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

பழுதுற்ற கோயிலைப் புதுக்காது விடுதலும் ஆகாது. அதனைச் செய்யும் முறையைச் சோழர் அறிந்திருந்தனர். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவைக் கற்றளியாக்கியபோது, முன்பிருந்த பல்லவர் காலத்து எழுத்துக்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்து, பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் உடன் சேர்ப்பித்தார். திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதல் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். ஒரு கல்லையும் பெயர்க்குமுன் அங்கிருந்த கல்வெட்டுக்கள் யாவும் புத்தகத்திற் படியெடுக்கப்பெற்றன. அரசன் மறைந்தான்; அவன் மகன் அரியணை ஏறினான். புத்தகம் பேணப்பெற்றது. முதல் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அதனைப் பார்த்து, புதிய கற்சுவரில் அவையெல்லாம் மீண்டும் வெட்டப்பெற்றன.