வௌவால்களின் சமூக நேர ஒத்திசைவு

வௌவால்களின் சமூக நேர ஒத்திசைவு என்பது, ஒளி புகாத குகையில் வாழும் வௌவால் தன் இனத்தின் போக்குவரவைக் கொண்டு தனது உயிரியல் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் நடத்தையாகும். மதுரை காமராசர் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ், எம். கே. சந்திரசேகரன் ஆகியோர் இதனை 1978இல் அறிவித்தனர்.

ஆய்வுக்குரிய இனம் பூச்சியுண்ணும் இலைமூக்கு வௌவால் (இப்போசிடெரோசு இசுபியோரிசு) ஆகும். குகையின் இருளில் தனியே அடைக்கப்பட்ட வௌவால், மற்றவை அந்தியில் இரைதேடப் பறந்து விடியுமுன் திரும்பும் 24 மணிநேர ஒழுங்கையே தானும் பின்பற்றியது. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் அதன் தாளம் நின்றுவிடவில்லை. 24 மணிநேரத்திலிருந்து விலகியது. அதாவது கடிகாரம் உடலுக்குள் உள்ளது, அதற்கு நேரம் காட்டுவது கூட்டமே. எனினும் எந்தக் கூட்டமும் இதற்குப் போதாது. வேற்றுக் குடும்பத்தைச் (எம்பல்லோனூரிடே) சேர்ந்த வௌவாலின் தாளத்தை இலைமூக்கு வௌவால்களின் நடமாட்டம் ஒத்திசைக்கவில்லை என 1983இல் வெளியான ஆய்வு காட்டியது.