பட்டினிக் குளிர்காலமும் பிறப்புப் பதிவேடுகளும்

பொருளாதாரத் தடைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் இறந்தவர்களையே எண்ணுகிறோம். அந்தத் தொகை அரசியலுக்கு உதவுகிறது, கோஷத்துக்கும் உதவுகிறது. ஆனால் ஒரு தடை ஒரு சமூகத்தின் உடலுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அறிய இன்னொரு கணக்கும் உண்டு: அந்த மாதங்களில் பிறந்த குழந்தைகளின் நிறை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்கு நகரங்களில் நடந்தது இதற்கு மிகத் தெளிவான சான்று. நான் வாழும் நாட்டின் வரலாறு என்பதனால் மட்டும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டினியின் தொடக்கத்தில், நாட்டுக்கு வெளியே இருந்த ஓர் அரசாங்கத்தின் கட்டளை இருக்கிறது. அது எம்மைப் போன்றோர் ஆறுதலாக இருந்து யோசிக்க வேண்டிய விடயம்.

1940 மே மாதத்தில் ஜேர்மனி நாட்டைப் பிடித்தபோது அரசியும் அமைச்சரவையும் இலண்டனுக்குத் தப்பிச் சென்றனர். 1944 செப்ரெம்பர் 17ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் ஆர்ன்ஹெம் பாலத்தை நோக்கி இறங்கிய அன்று, இலண்டனிலிருந்த அந்த அரசாங்கம் வானொலி மூலம் புகையிரத வேலைநிறுத்தத்துக்கு ஆணையிட்டது. சுமார் 30,000 தொழிலாளர்கள் வேலையை விட்டு மறைந்தனர். பத்து நாட்களுக்குள் ஆர்ன்ஹெம் முயற்சி தோற்றது. வேலைநிறுத்தம் மட்டும் நிற்கவில்லை, விடுதலை வரை நீடித்தது. ஜேர்மனியர் தமது சொந்த ஆட்களைக் கொண்டு வந்து தமக்கு வேண்டிய வண்டிகளை ஓட்டிக்கொண்டனர். பழிவாங்கலாக, மேற்கு மாகாணங்களுக்கு உணவு கொண்டுசெல்வதை ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் சைஸ்-இன்குவார்ட் தடைசெய்தார்.

இதை வைத்து 'வேலைநிறுத்தமே பட்டினியைக் கொண்டுவந்தது' என்று சொல்வது வரலாறாகாது. பட்டினியைத் தண்டனையாக விதித்தது ஆக்கிரமிப்பாளன்தான். நவம்பர் தொடக்கத்தில் படகுப் போக்குவரத்துக்குத் தடை தளர்ந்தது. ஆனால் அதற்குள் படகுகளும் வாகனங்களும் பறிக்கப்பட்டிருந்தன. நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த தெற்கு லிம்பேர்க் நேச நாடுகளின் பக்கம் போய்விட்டதால் எரிபொருளும் இல்லை. பின்னர் கால்வாய்கள் உறைந்தன. காரணங்கள் பல. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இராணுவப் பயன் முடிந்த பின்னரும் வேலைநிறுத்தத்தை நீடிக்கச் சொன்னவர்கள் இலண்டனில் இருந்தார்கள். அவர்களது தட்டில் உணவு இருந்தது. பிரதமர் கெர்பிராண்டி பின்னர் நேச நாடுகளிடம் உணவுக்காக மன்றாடியது உண்மை. நிவாரணம் தாமதமாகவே வந்தது. 1945இன் தொடக்கத்தில் சுவீடனிலிருந்து கப்பலில் மா வந்தது. ஏப்ரல் 29இல்தான் விமானங்கள் உணவுப் பொதிகளைப் போடத் தொடங்கின. மே 5இல் விடுதலை.

அம்ஸ்ரர்டாமில் வளர்ந்தவர் ஒருவருக்கான பங்கீடு நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழே இறங்கியது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 400க்கும் 800க்கும் இடையில் கிடந்தது. கர்ப்பிணிகளுக்கு மேலதிகப் பங்கீடு உண்டு என்பது விதி, ஆனால் பட்டினியின் உச்சத்தில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மக்கள் சீனிக்கிழங்கையும் ரியூலிப் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். (இரவு வேலையில் என் கைகளைக் கடந்து பெட்டிகளுக்குள் போகும் அதே கிழங்குகள். ஒவ்வொரு பெட்டியும் நிறுக்கப்பட்டுப் பதியப்படுகிறது.) 20,000க்கும் அதிகமானோர் இறந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இத்தனைக்கும் நடுவே மருத்துவிச்சிகளும் வைத்தியசாலைகளும் பதிவேடுகளைக் கைவிடவில்லை. பிறந்த குழந்தையைத் தராசில் வைத்தார்கள், எழுதினார்கள். பட்டினிக்குத் திட்டவட்டமான ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. ஆகவே எந்தக் குழந்தை கருவில் எந்த மாதத்தில் இருந்தபோது பட்டினி வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களைப் பட்டினியில் கழித்த குழந்தைகளின் சராசரி நிறை சுமார் 300 கிராம் குறைந்தது. முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராட்டில் 1942இன் முதற் பாதியில் இந்த வீழ்ச்சி 500 கிராமுக்கும் மேல். அங்கு பட்டினி நீண்டது, தாய்மாரின் உடலில் எஞ்சியிருந்ததும் குறைவு.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 'குறைந்த பிறப்பு நிறை' என்று வகுத்திருப்பது 2,500 கிராமுக்குக் கீழே. ஒல்லாந்து நகரங்களின் சராசரியோ அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றது. கோட்டை மட்டும் பார்க்கும் அதிகாரி 'பெரிய பாதிப்பில்லை' என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் ஒரு நகரத்தின் குழந்தைகள் எல்லோருமாக 300 கிராம் இழப்பது சிறிய விடயமல்ல. பிறக்காமலே போனவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பட்டினி முடிந்து ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் வரை பிறப்புத் தொகை பாதிக்கும் கீழே விழுந்தது. இந்த வீழ்ச்சி உடலுழைப்புத் தொழிலாளர் குடும்பங்களிலேயே கூடுதலாக இருந்தது. கள்ளச் சந்தையில் வாங்கக் கூடியவனும், கிராமத்துக்குச் சைக்கிளில் போய்ப் பண்டமாற்றுச் செய்ய நகையோ துணியோ வைத்திருந்தவனும் ஓரளவு தப்பினான். 'எல்லோரும் ஒன்றாகப் பட்டினி கிடந்தோம்' என்ற தேசிய நினைவைப் பதிவேடுகள் மறுக்கின்றன.

இந்தப் பதிவேடுகளை மிக விரிவாக ஆராய்ந்த சேனா ஸ்டைன், மேர்வின் சசர் தம்பதியினர் தென்னாபிரிக்கர். ஜொஹனஸ்பேர்க்கை அடுத்த அலெக்சாண்ட்ரா கறுப்பினக் குடியிருப்பில் வைத்தியம் பார்த்தவர்கள், நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்கள். 1950களின் நடுப்பகுதியில் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்துக்கும் பின்னர் நியூயோர்க்குக்கும் சென்றனர். 'ஏழைகள் மந்தபுத்தியுள்ளோர், ஏனெனில் கருவிலேயே பட்டினி கிடந்தோர்' என்ற வாதம், இரக்கத்தின் உடையில் வந்தாலும், ஆளும் வர்க்கத்துக்கு வசதியான வாதம். 19 வயதில் கட்டாய இராணுவ சேவைக்குப் பரிசோதிக்கப்பட்ட 1,25,000 ஆண்களின் அறிவுத் தேர்வுப் புள்ளிகளை அவர்கள் பிறந்த இடத்தோடும் மாதத்தோடும் இவர்கள் ஒப்பிட்டனர். கருவிலிருந்த காலத்துப் பட்டினியின் சுவடு அப்புள்ளிகளில் தென்படவில்லை. 1972இலும் 1975இலும் இதை வெளியிட்டனர்.

ஆனால் சுவடே இல்லை என்று ஆகிவிடவில்லை. அது வேறிடத்தில் இருந்தது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பட்டினியைக் கண்டு, விடுதலைக்குப் பின் தாய் உண்டபோது தேறிய குழந்தைகள் வழமையான நிறையுடனேயே பிறந்தன. பதிவேட்டில் குறையில்லை. ஆனால் 1976இல் வெளியான ஆய்வில் இவ்வகை இளைஞரிடையே உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. 1992இல் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது காட்டப்பட்டது. ஐம்பது வயதை அடைந்தபோது இருதய நோயும் அவ்வாறே. ஆக, பிறப்பு நிறையும்கூட முழுக் கணக்கல்ல.

எம்முடைய கணக்கு எங்கே? மலையகத்தில் தோட்டத்துறைக் குழந்தைகளின் பிறப்பு நிறை இலங்கையின் சராசரியை விடத் தாழ்ந்து நிற்பது தேசியக் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு முற்றுகையும் தேவைப்படவில்லை, நாட்கூலியே போதுமாயிருந்தது. எமது அரசியலில் அது ஒருபோதும் பெரிய செய்தியானதில்லை. வடக்கில் 1990இலிருந்து 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடையைப் பற்றி எம்மிடம் கவிதைகள் உண்டு, அறிக்கைகள் உண்டு, மண்ணெண்ணெய் விலை பற்றிய கதைகள் உண்டு. தடைக்குள் கர்ப்பமாயிருந்த பெண்கள் எதை உண்டார்கள் என்று மாதவாரியாக எழுதப்பட்ட வரலாறு ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

சான்றுகள் முற்றாக அழிந்துவிட்டன என்று கையை விரிக்க முடியாது. பிள்ளையின் கிளினிக் அட்டையில் முதற் பக்கத்திலேயே பிறப்பு நிறை எழுதப்பட்டிருக்கும். அகதி விண்ணப்பத்துக்குப் பிறந்த திகதியைக் காட்ட உதவும் என்று எத்தனையோ தாய்மார் அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் குடும்பநல மாதுகளாக வேலை செய்த சிலரும் இந்த நாடுகளில் இருக்கிறார்கள், இப்போது முதியோர் இல்லங்களில் துப்புரவு வேலை செய்கிறார்கள். திகதி, இடம், நிறை, அந்த மாதங்களில் வீட்டில் சமைத்தது என்ன என்ற நான்கையும் பெயர்களை நீக்கி ஓரிடத்தில் சேர்க்கும் வேலையை இப்பத்திரிகையின் வாசகர்கள் தத்தம் நகரத்தில் தொடங்கலாம். அட்டைகளின் மை மங்கிக்கொண்டிருக்கிறது.