வீட்டு முற்றத்தில் பிறந்த வேகம்



1967ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் திகதி காலை. வட இங்கிலாந்திலுள்ள கொனிஸ்ரன் ஏரியின் மீது நீல நிறப் படகொன்று ஒரு கரையிலிருந்து மறுகரையை நோக்கிப் பாய்ந்து சென்றது. அதனைச் செலுத்தியவர் டொனால்ட் கம்பெல். அந்த ஓட்டத்தின் வேகம் மணிக்கு 297 மைல்களுக்கு மேற்பட்டது. விதிப்படி அவர் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். நீரின் அலைகள் அடங்கும்வரை காத்திராமல் அவர் உடனே திரும்பினார். 300 மைல் வேகத்தையும் தாண்டிய அப்படகின் முகப்பு மெல்ல எழுந்தது. படகு காற்றிலே குட்டிக்கரணமிட்டு நீரில் மோதிச் சிதறியது. கம்பெல் மாண்டார். அவருக்கு அப்போது வயது 45. அவரது உடல் ஏரியின் அடியிலிருந்து மீட்கப்பட்டது 2001ஆம் ஆண்டிலேதான்.

அவர் இறந்தபோது அவுஸ்திரேலியாவில் 27 வயது இளைஞர் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். கென் வோபி என்பது அவர் பெயர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து நியூகாசில் நகரில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயது முதலே படகு செய்வதிலும் பந்தயத்தில் ஓட்டுவதிலும் மோகங் கொண்டவர். கம்பெல் அவருடைய இலட்சிய வீரர். அந்த வீரரை விழுங்கிய வேகத்தை வென்று காட்டவேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வெண்ணம் நிறைவேறிய வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

அதற்கு முன் இந்தப் போட்டியின் இயல்பைச் சற்று நோக்குவோம். நீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே வேகமாகச் செல்ல விரும்பும் படகு நீரைக் கிழித்துச் செல்ல முடியாது. நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்ல வேண்டும். முன்புறத்தில் இரண்டு மிதவைகளும் பின்புறத்தில் ஓர் முனையுமாக மூன்று இடங்கள் மட்டும் நீரைத் தொடும்வண்ணம் இத்தகைய படகுகளை அமைப்பர். ஆனால் வேகம் பெருகப் பெருக, படகின் அடியிற் புகும் காற்று அதனை மேலே தூக்குகின்றது. அளவோடு தூக்கினால் நன்மை. அளவு கடந்தால், அது சிறகும் இல்லாத, அடக்குவாரும் இல்லாத விமானமாகிவிடும். கம்பெலுக்கு நேர்ந்ததும் அதுவே.

அவர் ஒருவர் மட்டுமல்லர். 1930ஆம் ஆண்டு சேர் ஹென்றி சேகிரேவ் விண்டர்மியர் ஏரியிலும், 1952ஆம் ஆண்டு ஜோன் கொப் ஸ்கொத்லாந்தின் நெஸ் ஏரியிலும் இவ்வேகத்திற்குப் பலியாயினர். இவர்களுடைய படகுகள் தேர்ந்த பொறியியலாளரின் திட்டப்படி, பெரும் பொருட்செலவில் உருவானவை. அப்படியிருந்தும் மரணம் அவர்களை விட்டுவைக்கவில்லை.

வோபியிடம் செல்வம் இல்லை; தொழிற்சாலையும் இல்லை. மின்கருவிகளை விற்கும் விற்பனையாளராக அவர் பணியாற்றினார். தம் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தவாறே படகின் வரைபடத்தைத் தீட்டினார். சிட்னி நகரின் கொன்கோட் பகுதியிலிருந்த தம் வீட்டு முற்றத்திலே, மரத்தையும் கண்ணாடி இழையையும் கொண்டு அதனைக் கட்டத் தொடங்கினார். படகின் நீளம் ஏறத்தாழ 27 அடி. சில சிறு கருவிகளே அவருக்குத் துணை. பணம் வேண்டியபோது, எண்ணெய் வர்ணத்தில் தாம் தீட்டிய ஓவியங்களைக் கடைத்தொகுதிகளில் விற்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி, இயந்திரம். அவுஸ்திரேலிய விமானப்படை தனக்குத் தேவையற்ற பொருள்களை ஏலத்தில் விற்றபோது, வெஸ்ரிங்ஹவுஸ் ஜே34 என்னும் பழைய ஜெற் இயந்திரங்கள் மூன்றை வோபி வாங்கினார். ஒவ்வொன்றின் விலையும் 100 டொலருக்கு மேற்படவில்லை. 1940களிலே அமெரிக்காவில் உருவான இயந்திர வகை அது. விமானப்படையினர் கழித்துவிட்ட அவ்வியந்திரத்தைத் திருத்தி ஓடச் செய்வதில், வாகா வாகா விமானத் தளத்தைச் சேர்ந்த தொழில்நுட்பவியலாளர் சிலரும் அவருக்குக் கைகொடுத்தனர். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரொம் பிங்க் காற்றியக்கம் பற்றிய அறிவுரையை வழங்கினார். கம்பெலின் படகாகிய புளூபேர்ட்டின் அமைப்பிலும் பங்குகொண்டவர் அப்பேராசிரியர். ஆக, மாண்ட வீரரின் அனுபவமும் ஒரு வகையில் அந்த முற்றத்தை வந்தடைந்தது எனலாம்.

படகுக்கு 'ஸ்பிரிற் ஒவ் அவுஸ்திரேலியா' என்று பெயர் சூட்டினார். 'அவுஸ்திரேலியாவின் ஆன்மா' என்பது அதன் பொருள். 1974ஆம் ஆண்டில் அது நீரில் இறங்கியது. உடனே உலக சாதனையை நோக்கி அவர் பாயவில்லை. ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறிது வேகத்தைக் கூட்டுவார். படகு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று கூர்ந்து நோக்குவார். பின்பு வீடு திரும்பித் திருத்துவார். இவ்வாறு ஆண்டுகள் மூன்று கழிந்தன.

சாதனைக்கு அவர் தேர்ந்த இடம் புளோவெரிங் நீர்த்தேக்கம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், தூமட் என்னும் ஊருக்கு அருகே, ஸ்நோயி மலைத் திட்டத்தின் பகுதியாக 1968ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அணைக்கட்டு அது. அளந்து குறிக்கப்பட்ட ஒரு கிலோமீற்றர் தூரத்தை, ஒரு மணி நேரத்திற்குள், எதிரெதிர்த் திசைகளில் இருமுறை கடக்க வேண்டும். இரண்டின் சராசரியே சாதனை வேகமாகக் கொள்ளப்படும். காற்றினாலும் நீரோட்டத்தினாலும் எவரும் ஆதாயம் பெறாமல் இருப்பதற்காகவே இவ்விதி. ஆனால் திரும்பி வரும்போது, தன் படகே எழுப்பிய அலைகளைத் தானே சந்திக்க நேரிடும். கம்பெலின் முடிவுக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. இதை வோபி நன்கறிந்திருந்தார்.

அப்போது உலக சாதனை அமெரிக்கராகிய லீ டெய்லருக்கு உரியதாயிருந்தது. கம்பெல் 1964ஆம் ஆண்டின் இறுதி நாளன்று மேற்கு அவுஸ்திரேலியாவில் நிறுவிய 276 மைல் வேகத்தை, 1967ஆம் ஆண்டு டெய்லர் 285 மைலுக்கு உயர்த்தியிருந்தார். 1977ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி, வோபி மணிக்கு 288.6 மைல் வேகத்தை எட்டி அதனை முறியடித்தார். முற்றத்திலே கட்டிய மரப்படகு உலகிலேயே வேகமிக்க படகாயிற்று.

ஆயினும் அவர் அமைதியடையவில்லை. கம்பெல் தொட முயன்று தோற்ற 300 மைல் எல்லை இன்னும் முன்னே நின்றது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் திகதி மீண்டும் புளோவெரிங் நீரில் இறங்கினார். அன்று அவருடைய சராசரி வேகம் மணிக்கு 317.6 மைல், அதாவது ஏறக்குறைய 511 கிலோமீற்றர். அந்த ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏழு விநாடியளவே சென்றது. ஒரு விநாடிக்கு 140 மீற்றருக்கு மேல்! நீரின் மீது 300 மைலையும் 500 கிலோமீற்றரையும் தாண்டிய சாதனையை நிறுவி, உயிரோடு கரையேறிய முதல் மனிதர் அவரே. வரைந்தவரும் கட்டியவரும் செலுத்தியவரும் ஒருவராகவே இருந்தார் என்பதே இச்சாதனையின் தனிச்சிறப்பு.

பின்பு நிகழ்ந்தவை இதன் அருமையை மேலும் விளக்குவன. இழந்த பட்டத்தை மீட்க எண்ணிய லீ டெய்லர், 1980ஆம் ஆண்டு தாகோ ஏரியில் உயிரிழந்தார். 1989ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் கிரெய்க் ஆர்பன்ஸ் என்பவரும் அவ்வாறே மாண்டார். 1978ஆம் ஆண்டின் அந்தச் சாதனை நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் அசையாது நிலைத்து நிற்கின்றது.

வோபி பிற்காலத்தில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் குடியேறி, 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், 83ஆம் வயதில் காலமானார். இத்துறையில் புகழ் நாடிய பலருக்குக் கிட்டாத பேறு, இவ்வாறு முதுமை எய்தி மறைவது. அவருடைய மகன் டேவிட், தந்தையின் துணையோடு உருவான இரண்டாவது படகை அதே புளோவெரிங் நீரில் செலுத்தினார்.

சிட்னியிலுள்ள அவுஸ்திரேலிய தேசியக் கடல்சார் அரும்பொருட்சாலை அந்த முதற் படகைப் போற்றிப் பாதுகாத்து வந்துள்ளது. அதனைக் காண்போர் முதலில் வியப்பது அதன் எளிமையைக் கண்டே. பெரும் நிறுவனம் ஒன்றின் ஆக்கம் போல அது தோன்றுவதில்லை. கம்பெலுக்கு இல்லாத இயந்திரமோ செல்வமோ வோபிக்கு வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது காலம். அதைச் செலவிடும் மனமும் வாய்த்தது. அலை அடங்கும்வரை ஒருவர் காத்திருக்கவில்லை. மற்றவரோ, படகு தயாராகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஒரே வேகத்தை நாடிய இருவருள் ஒருவர் ஏரியின் அடியிலும், மற்றவர் கரையிலும் தம் பயணத்தை முடித்த கதை இது.