மேகம் மறைத்த சூரியன்

புதுச்சேரிக்கு வடக்கே, குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரை நீளும் கரையில் வெயில்தான் முதலாளி. பாத்தியில் விளைந்த உப்பை ஒருநாள் மழை கரைத்துவிடும். மேகத்தால் வரும் இழப்பை இக்கரையினர் நன்கறிவர். இதே கரைக்கு வந்து, ஒன்பது ஆண்டு உழைப்பை மேகத்திற்குப் பறிகொடுத்த வானியலாளர் ஒருவரும் உண்டு.

பிரான்சு நாட்டின் லெ ஜான்டில், சூரியனை வெள்ளிக்கோள் கடப்பதை அளக்க 1760இல் புறப்பட்டார். சூரியனின் தொலைவை அறிவதே நோக்கம். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், ஆடும் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது, அளவுகள் பயன்படவில்லை. எட்டாண்டு காத்திருந்து, புதுச்சேரியிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடியது. கடப்பு முடிந்தபின் வானம் வெளுத்தது.

ஓரிடத்தில் ஒருவர் நின்று பார்க்கும் முறைக்கு உள்ள எல்லையை அந்தக் காலைப்பொழுது காட்டியது. சூரியனின் உட்புறத்தை அறிய முற்பட்ட இருபதாம் நூற்றாண்டு அறிவியலும் அதே எல்லையில் வந்து முட்டியது.

சூரியப் பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து தாழ்வதை 1960இல் ராபர்ட் லெய்ட்டன் கலிஃபோர்னியாவில் கண்டறிந்தார். உள்ளே அடைபட்ட ஒலியலைகளே அதற்குக் காரணம் என்பது 1970களில் தெளிவாயிற்று. ஒலியின் வேகம் வெப்பத்தையும் பொருளின் சேர்மானத்தையும் பொறுத்தது. ஆகவே, குடத்தைத் தட்டி நீரளவை அறிவதுபோல, அதிர்வெண்களிலிருந்து உள்ளமைப்பைக் கணக்கிடலாம். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் இடைவிடாது பார்க்க வேண்டும். இரவு வந்து பதிவை அறுத்தால், இல்லாத அதிர்வெண்களும் கணக்கில் நுழைந்துவிடும்.

ஆகவே பூமியைச் சுற்றி ஆறு நிலையங்கள் அமைந்தன. 1995இல் நிறைவுற்ற ‘காங்’ எனும் அந்த வலையமைப்பில் ராஜஸ்தானின் உதய்ப்பூரும் ஒன்று. அங்கு 1970களில் சூரிய ஆய்வகத்தை நிறுவிய அரவிந்த் பட்நாகர், நம் கொடைக்கானலில் வைணு பாப்புவிடம் பயின்றவர்.

இதனால் தீர்ந்த வழக்கு பெரிது. சூரிய மையத்திலிருந்து வரும் நியூட்ரினோக்களில், கோட்பாடு கூறியதில் மூன்றில் ஒரு பங்கையே ரேமண்ட் டேவிஸின் சோதனை கண்டது. சூரிய மையத்தைப் பற்றிய நம் கணக்கே பிழையோ என்ற ஐயம் எழுந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தின் ஆன்ட்டியா, சித்ரே முதலியோர் அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்து, குறை சூரியனிடம் இல்லை, நியூட்ரினோவின் இயல்பில்தான் தேடவேண்டும் என்று காட்டினர். நியூட்ரினோக்கள் வழியில் வகைமாறுவதை 2001, 2002இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் உறுதிசெய்தது.

பின்னர் இம்முறை பிற விண்மீன்களுக்கும் சென்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சர்பானி பாசு இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி, ஒரே வான்பகுதியை நான்காண்டுகள் பார்த்தது. அன்னத் தொகுதியில் சூரியனை ஒத்த ‘16 சிக்னி’ இரட்டையரின் வயது சுமார் 700 கோடி ஆண்டுகள் என்பதை அவற்றின் அதிர்வுகளே கூறின. மேகமற்ற ஒரு காலைப்பொழுதுக்காக லெ ஜான்டில் எட்டாண்டு காத்திருந்தார். கெப்ளர் மேகங்களுக்கு அப்பாலேயே இருந்தது.